புற்றுநோய் கூடுகிறதா, குறைகிறதா? பேராசிரியர் சண்முகரத்னம் தொடங்கிவைத்த கணக்கு

சிங்கப்பூர்ப் புற்றுநோய்ப் பதிவகம் ஆண்டறிக்கை வெளியிடும்போதெல்லாம் இரண்டு செய்திகள் சேர்ந்தே வருகின்றன. புற்றுநோய் வந்தவர்களின் எண்ணிக்கை கூடிவிட்டது என்பது ஒன்று. புற்றுநோயால் இறக்கும் விகிதம் குறைந்துகொண்டே வருகிறது என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே அறிக்கையில் இருப்பவை, இரண்டும் உண்மை. ஆனால் முதல் செய்தியை மட்டும் படித்தவர் பயந்துபோகிறார், இரண்டாவதை மட்டும் படித்தவர் பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடுகிறார். இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன, யார் எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் இந்தக் குழப்பம் பெருமளவு தீரும்.

எண்ணும் வேலையை இங்கே தொடங்கிவைத்தவர் நோயியல் நிபுணர் பேராசிரியர் க. சண்முகரத்னம். இன்றைய அதிபர் தர்மன் சண்முகரத்னத்தின் தந்தை என்று பலரும் அவரை அறிவார்கள். 2018-இல் அவர் மறைந்தபோது 'சிங்கப்பூர் நோயியலின் தந்தை' என்றே செய்திகள் குறிப்பிட்டன. மைக்ரோஸ்கோப்பில் திசுவைப் பார்த்து நோயைச் சொல்வது அவருடைய தொழில். ஒரு நாட்டின் மக்கள் தொகை முழுவதையும் அதே கவனத்தோடு பார்க்க வேண்டும் என்று அவர் நினைத்ததுதான் நமக்குக் கிடைத்த பெரிய லாபம்.

பதிவகம் என்ன செய்கிறது?

ஒரு மருத்துவமனை தன்னிடம் வந்த நோயாளிகளை எண்ணலாம். அது மருத்துவமனைக் கணக்கு மட்டும்தான். நல்ல அறுவை மருத்துவர் இருக்கும் இடத்துக்கு அந்த நோயாளிகள் அதிகம் வருவார்கள். ஜொகூரிலிருந்தும் இந்தோனீசியாவிலிருந்தும் சிகிச்சைக்கு வருபவர்கள் வேறு. வீட்டிலேயே நோயைத் தாங்கிக்கொண்டு இறந்துபோனவர் அந்தக் கணக்கில் வரவே மாட்டார். அதை வைத்து 'சிங்கப்பூரில் இந்தப் புற்றுநோய் அதிகம்' என்று சொல்ல முடியாது.

மக்கள்தொகை சார்ந்த பதிவகம் வேறு வகை. ஒரு குறிப்பிட்ட ஊரில் அல்லது நாட்டில் வசிப்பவர்களில், குறிப்பிட்ட காலத்தில், புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட ஒவ்வொருவரையும் அது ஒரே ஒருமுறை பதிவுசெய்கிறது. சிங்கப்பூரில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் இந்தக் கணக்கில் சேர்கிறார்கள். அந்த எண்ணிக்கையை மொத்த மக்கள்தொகையால் வகுத்தால்தான் 'விகிதம்' என்ற ஒன்று கிடைக்கும். வகுக்கும் எண் இல்லாமல் மேலே இருக்கும் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

1968 ஜனவரியில் சிங்கப்பூர்ப் பதிவகம் வேலையைத் தொடங்கியது. டென்மார்க் 1942-லேயே நாடு முழுவதற்குமான பதிவகம் வைத்திருந்தது. மும்பையில் 1960-களில் வந்துவிட்டது. சென்னையின் பதிவகம் 1980-களின் தொடக்கத்தில்தான் அடையாறு புற்றுநோய் நிலையத்தில் உருவானது. சுதந்திரம் பெற்று மூன்றே ஆண்டான ஒரு நாடு, வேலைவாய்ப்பும் வீடும் பெரிய கவலையாக இருந்த காலத்தில், இந்தக் கணக்கைத் தொடங்கியது. அது எளிதில் நடந்த காரியம் இல்லை. அப்போது புற்றுநோயை அறிவிக்க வேண்டும் என்று மருத்துவர்களுக்குச் சட்டக் கட்டாயம் எதுவும் கிடையாது. மருத்துவர்கள் தாமாக அனுப்பிய அறிவிப்பு, நோயியல் ஆய்வுக்கூடங்களின் திசு அறிக்கை, மருத்துவமனைப் பதிவு, இறப்புச் சான்றிதழ் ஆகிய எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் விடுபட்டவர்களைத் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது.

அதற்கு இரண்டு வசதிகள் துணையாக இருந்தன. முதலாவது, சிறிய தீவு. நோயியல் பரிசோதனைகள் சில இடங்களிலேயே நடந்தன. இரண்டாவது, 1966-இல் எல்லாருக்கும் புதிதாக வழங்கப்பட்ட அடையாள அட்டை. ஒருவர் மூன்று மருத்துவமனைகளுக்குப் போயிருந்தாலும், பெயரை மூன்று விதமாக எழுதியிருந்தாலும், அட்டை எண் ஒன்றுதான். தமிழ்ப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் என்ன பாடுபடும் என்று நமக்குத் தெரியும். பெயரை மட்டும் நம்பியிருந்தால் ஒரே ஆளை இரண்டு பேராக எண்ணுவது நிச்சயம் நடந்திருக்கும்.

2007-இல் தேசிய நோய்ப் பதிவகச் சட்டம் வந்தது. புற்றுநோயை அறிவிப்பது அதன் மூலம் கட்டாயமானது, நோயாளியின் விவரங்களைக் காப்பதற்கான விதிகளும் சட்டத்திலேயே சேர்ந்தன. இப்போது சுகாதார மேம்பாட்டு வாரியத்தின்கீழ் உள்ள தேசிய நோய்ப் பதிவு அலுவலகம் இதை நடத்துகிறது.

ஒரே தீவு, வெவ்வேறு விகிதங்கள்: மூக்குத்தொண்டைப் புற்றுநோய்

சண்முகரத்னத்தின் ஆய்வில் மிகவும் தெளிவான பாடம் மூக்குத்தொண்டைப் புற்றுநோயில் இருக்கிறது. மூக்கின் பின்புறம், தொண்டையின் மேல்பகுதியில் வருவது இது. ஐரோப்பாவில் மிக அரிது. தென்சீனாவிலும் அங்கிருந்து வந்து குடியேறியவர்களிடமும் அதிகம்.

சிங்கப்பூரில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் மூவரும் ஒரே வெயிலில், ஒரே குடிநீரைக் குடித்து, ஒரே காற்றைச் சுவாசித்து வாழ்கிறார்கள். நோய் காற்றிலோ நீரிலோ இருந்தால் மூவருக்கும் ஏறத்தாழ ஒரேபோல வர வேண்டும். அப்படி வரவில்லை. சீனர்களிடம் மிக அதிகம், மலாய்க்காரர்களிடம் அதைவிடக் குறைவு, இந்தியர்களிடம் மிக மிக அரிது. சீனர்களுக்குள்ளேயே கிளைமொழிவாரியாகப் பார்த்தபோது இன்னொரு வேறுபாடு தெரிந்தது. ஹொக்கியன், தியோச்சு மக்களைவிடக் கான்டனீஸ் மக்களிடம் விகிதம் கூடுதல்.

காரணத்தைத் தேட அவரும் கூட்டாளிகளும் 1960-களிலும் 70-களிலும் நோயாளிகளையும் நோயில்லாதவர்களையும் ஒரே கேள்விப்பட்டியலோடு சந்தித்தார்கள். சாப்பாடு, வீட்டுப்புகை, ஊதுபத்தி, மூக்கு நோய்கள், நாட்டு மருந்து என்று பழக்கங்களை ஒப்பிட்டார்கள். நோயாளிகளிடம் மட்டும் கேட்டால் போதாது. ஊதுபத்தி கொளுத்தாத வீடு எத்தனை? நோயில்லாதவர்களிலும் அதே அளவு பேர் கொளுத்துகிறார்கள் என்றால் அந்தத் தடயம் எதையும் காட்டாது. வாட்ஸ்அப்பில் வரும் 'இதைச் சாப்பிட்டால் புற்றுநோய்' செய்திகளில் பெரும்பாலும் இல்லாமல்போவது இந்த ஒப்பீடுதான்.

பின்னர் உலகின் பல இடங்களில் நடந்த ஆய்வுகள் சேர்ந்து இப்படி ஒரு விளக்கத்தைத் தருகின்றன:

1. எப்ஸ்டைன்–பார் என்ற வைரஸ் இந்தப் புற்றுநோய்க்கட்டிகளில் காணப்படுகிறது. ஆனால் உலகில் பெரும்பாலான பெரியவர்களுக்கு இந்த வைரஸ் எப்போதோ தொற்றியிருக்கிறது. ஆகவே வைரஸ் மட்டுமே காரணமாக முடியாது.

2. மரபணு வேறுபாடுகள் சிலரை எளிதில் பாதிப்புக்குள்ளாக்குகின்றன. ஒரே குடும்பத்தில் பலருக்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

3. சீன முறையில் தயாரிக்கும் உப்புக்கருவாடு, குறிப்பாகக் குழந்தைப் பருவத்திலிருந்தே கொடுக்கப்பட்டால், ஆபத்தைக் கூட்டுகிறது. அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1993-இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்தது. நம் வீட்டுக் கருவாட்டைப் பற்றிய முடிவு அல்ல இது, அந்தத் தயாரிப்பு முறையைப் பற்றியது.

சிங்கப்பூர்ச் சீனர்களிடம் இந்தப் புற்றுநோயின் விகிதம் கடந்த சில பத்தாண்டுகளில் நன்றாகவே குறைந்திருக்கிறது. மரபணு ஒரு தலைமுறையில் மாறாது. வாழ்க்கைமுறை மாறியிருக்கிறது, உணவு மாறியிருக்கிறது. 1968-இலிருந்து ஒரே முறையில் எண்ணி வந்ததால்தான் இந்தச் சரிவை நம்பிச் சொல்ல முடிகிறது.

இப்படி எண்ணி ஒப்பிடுவதில் நோயியல் நிபுணரின் கையும் இருக்கிறது. ஒரே கட்டிக்கு ஒவ்வொரு நாட்டு மருத்துவரும் ஒவ்வொரு பெயர் வைத்தால் நாடுகளை ஒப்பிடவே முடியாது. உலகச் சுகாதார நிறுவனத்துக்காக மேல் சுவாசப்பாதைக் கட்டிகளின் திசு வகைப்பாட்டை உருவாக்கிய குழுவுக்குச் சண்முகரத்னம் தலைமை தாங்கினார். அது 1978-இலும், திருத்திய பதிப்பாக 1991-இலும் வெளிவந்தது.

நம்மவர்களின் பக்கம்: வெற்றிலையும் புகையிலையும்

பதிவகம் வருவதற்கு முன்பே, 1960-இல், இங்கே நோயியல் துறையில் பணியாற்றிய கேலம் மியூர் (Calum Muir) என்பவர் இன்னோர் ஆய்வாளரோடு சேர்ந்து வெற்றிலை, புகையிலை, வாய்ப்புற்று மூன்றுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி எழுதினார். மூக்குத்தொண்டைப் புற்றில் மிகக் குறைவாக இருந்த இந்தியர்களே வாய்ப்புற்றில் முன்னால் நின்றார்கள். புகையிலையோடு வெற்றிலை போடும் பழக்கம்தான் இந்த வேறுபாட்டை விளக்கியது.

புகையிலை சேர்த்தால்தான் ஆபத்து, வெறும் வெற்றிலை பாக்கு ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. அது தவறு. பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2000-களின் தொடக்கத்தில் முடிவு செய்துவிட்டது. மெல்லும் புகையிலை சிங்கப்பூரில் தடைசெய்யப்பட்ட பொருள். இங்கே பிறந்து வளர்ந்த தலைமுறையிடம் வெற்றிலைப் பழக்கம் அருகிவிட்டது. ஊரிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் தம்பிமார் பலரிடம் பாக்குப் பொட்டலப் பழக்கம் இன்னும் இருக்கிறது. அவர்கள் நிரந்தரவாசிகள் இல்லை என்பதால் பதிவகத்தின் விகிதத்தில் அவர்களுக்கு வரும் நோய் தெரியாது. வாயில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயைத் திறக்க முடியாத இறுக்கம் ஆகியவை இருந்தால் பல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கணக்கில் வராத ஆளுக்கும் நோய் வரும்.

கூடுவது எது, குறைவது எது?

இப்போது முதலில் சொன்ன குழப்பத்துக்கு வரலாம். அறிக்கையில் நான்கு வகை எண்கள் இருக்கின்றன. இவற்றைக் கலந்து படிப்பதால்தான் சிக்கல்.

1. புதிய நோயாளிகளின் எண்ணிக்கை. இது கூடிக்கொண்டே போகும். மக்கள்தொகை கூடினாலும் கூடும், மக்கள் வயதானாலும் கூடும். 1970 வாக்கில் சிங்கப்பூரர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் 20 வயதுக்கு உட்பட்டவர்கள். இன்று பாதிப்பேருக்கு மேல் 40 வயதைத் தாண்டியவர்கள். புற்றுநோய் பெரும்பாலும் மூப்போடு வரும் நோய்.

2. வயதுச்சீராக்கிய விகிதம். ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். 50 வயதுக்குக் கீழே ஆயிரத்தில் ஒருவருக்கும், 50-க்கு மேலே ஆயிரத்தில் 10 பேருக்கும் ஒரு நோய் வருகிறது. ஒரு லட்சம் பேர் இருக்கும் ஊரில் 90,000 பேர் இளையவர்கள், 10,000 பேர் மூத்தவர்கள் என்றால் 90 + 100, மொத்தம் 190 நோயாளிகள். அதே ஊரில் சில பத்தாண்டுகள் கழித்து இளையவர்கள் 70,000, மூத்தவர்கள் 30,000 ஆகிவிட்டால் 70 + 300, மொத்தம் 370. நோயாளிகள் ஏறக்குறைய இருமடங்கு. ஆனால் எந்த வயதிலும் யாருடைய ஆபத்தும் கடுகளவும் கூடவில்லை! இரண்டு காலங்களையும் ஒரே வயது அமைப்புக்கு மாற்றிக் கணக்கிடுவதுதான் வயதுச்சீராக்கம். சிங்கப்பூரில் இப்படிச் சீராக்கிய பிறகும் மார்பகம், புராஸ்டேட் போன்றவற்றில் உண்மையான உயர்வு இருக்கிறது. கருப்பை வாய், வயிறு, மூக்குத்தொண்டை ஆகியவற்றில் உண்மையான சரிவும் இருக்கிறது. 'புற்றுநோய் கூடுகிறது' என்று ஒரே வாக்கியத்தில் சொல்வது இதனால்தான் பொருந்தாது.

3. இறப்பு விகிதம். வயதுச்சீராக்கிய இறப்பு விகிதம் பல பத்தாண்டுகளாகக் குறைந்து வருகிறது. ஆனாலும் சிங்கப்பூரில் நடக்கும் மரணங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று புற்றுநோயால்தான். ஆண்களில் நுரையீரல் புற்றும் பெண்களில் மார்பகப் புற்றும் அதிகம் பேரைக் கொண்டுபோகின்றன.

4. ஐந்தாண்டு உயிர்வாழ்வு. இதைத்தான் மிகக் கவனமாகப் படிக்க வேண்டும். ஒரு பெண்ணுக்கு 63 வயதில் நோய் கண்டறியப்பட்டு 67-இல் இறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாண்டு தாண்டவில்லை. அதே நோய் பரிசோதனையில் 60-லேயே தெரிந்து, அப்போதும் 67-இல்தான் இறக்கிறார் என்றால் அவர் 'ஐந்தாண்டு உயிர் பிழைத்தவர்' ஆகிவிடுகிறார். ஆயுள் ஒரு நாள்கூடக் கூடவில்லை, கடிகாரம் முன்னதாக ஓடத் தொடங்கியது, அவ்வளவுதான். ஆகவே உயிர்வாழ்வு உயர்ந்து, இறப்பு விகிதமும் சேர்ந்து இறங்கினால்தான் சிகிச்சையோ பரிசோதனையோ உண்மையில் பலன் தந்தது என்று நம்பலாம். சிங்கப்பூரில் பல புற்றுநோய்களுக்கு இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கின்றன.

அதிகமாகத் தேடினால் அதிகமாகக் கிடைக்கும் என்பதற்குத் தென்கொரியா பெரிய எடுத்துக்காட்டு. அங்கே கழுத்து ஸ்கேன் பரவியதும் 1993-க்கும் 2011-க்கும் இடையில் தைராய்டு புற்று விகிதம் 15 மடங்கானது. இறப்பு அசையவே இல்லை. உயிருக்கு ஆபத்து தராத சிறு கட்டிகளுக்கெல்லாம் அறுவை சிகிச்சை நடந்தது. எல்லாப் புற்றுநோய்க்கும் நாடு தழுவிய பரிசோதனை ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனையை எல்லா ஆண்களுக்கும் இங்கே பரிந்துரைக்காததற்கும் இதே கவலைதான் காரணம்.

எண்ணிக்கையிலிருந்து கொள்கைக்கு

கல்லீரல் புற்றைப் பாருங்கள். இங்கே அதற்குப் பெரிய காரணம் ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் வைரஸ். பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றி, பல பத்தாண்டுகள் அமைதியாக இருந்து, கடைசியில் கட்டியாகிறது. 1985-இல் வைரஸ் உள்ள தாய்மார்களின் குழந்தைகளுக்குத் தடுப்பூசி தொடங்கியது. 1987-இல் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் விரிவானது. அந்தக் குழந்தைகளில் மூத்தவர்களே இப்போதுதான் 40-ஐ ஒட்டியிருக்கிறார்கள். கல்லீரல் புற்று அதிகம் வரும் வயது அதற்கும் மேலே. தடுப்பூசியின் முழுப்பலன் பதிவகத்தில் தெரிய இன்னும் இருபது, முப்பது ஆண்டுகள் ஆகும். அன்று முடிவெடுத்தவர்களில் பலர் அதைப் பார்க்கப்போவதில்லை. பொதுச் சுகாதாரத்தின் இயல்பே இதுதான், அதனாலேயே இது அரசியல் கைத்தட்டலுக்கு ஏற்ற துறை இல்லை.

கருப்பை வாய்ப் புற்றிலும் இதே பாதை. 2019 முதல் உயர்நிலை ஒன்றில் படிக்கும் மாணவிகளுக்குப் பள்ளியிலேயே, இந்தப் புற்றுக்குக் காரணமான எச்பிவி வைரஸுக்கு எதிரான தடுப்பூசி போடப்படுகிறது. அம்மாமார் சிலர் 'சின்னப் பெண்ணுக்கு இது எதற்கு?' என்று தயங்குகிறார்கள். வைரஸ் தொற்றுவதற்கு முன்பே போட்டால்தான் முழுப்பலன், அதனால்தான் அந்த வயது.

மார்பகப் பரிசோதனைக்கும் உள்நாட்டு ஆய்வே அடிப்படை. 1994 முதல் 1997 வரை 50-இலிருந்து 64 வயதுப் பெண்களிடம் இங்கே ஒரு பெரிய சோதனை நடந்தது. 2002-இல் தேசியத் திட்டம் வந்தது. இன்றைய பரிந்துரை 50 முதல் 69 வயதுவரை இரண்டு ஆண்டுக்கு ஒரு மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே. பெருங்குடலுக்கு 50 வயதிலிருந்து ஆண்டுதோறும் மலப் பரிசோதனை. 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒரு எச்பிவி பரிசோதனை. ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் சேர்ந்த குடிமக்களுக்கு இந்தப் பரிசோதனைகள் இலவசம்.

இந்தியர்கள் பற்றிய எண்ணைப் படிக்கும்போது

நாம் சிங்கப்பூர்வாசிகளில் ஏறக்குறைய 9 விழுக்காடு. ஓர் ஆண்டில் ஒரு புற்றுநோய் 20 பேருக்கு வந்து, அடுத்த ஆண்டு 26 பேருக்கு வந்தால் '30 விழுக்காடு உயர்வு' என்று தலைப்பு போடலாம். ஆறு பேர் வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. பதிவகம் ஐந்தாண்டுகளைச் சேர்த்து எண்களை வெளியிடுவது இந்த ஆட்டத்தை அடக்கத்தான். ஓராண்டு எண்ணை மட்டும் வைத்து வரும் செய்தியை நம்ப வேண்டாம்.

'இந்தியர்' என்ற ஒரே கட்டத்துக்குள் தமிழரும் மலையாளியும் பஞ்சாபியும் குஜராத்தியும் இருக்கிறார்கள். நான்கு தலைமுறையாக இங்கே இருப்பவரும், சில ஆண்டுகளுக்கு முன்பு நிரந்தரவாசியானவரும் இருக்கிறார்கள். சீனர்களைக் கிளைமொழிவாரியாகப் பிரித்தபோதுதான் மூக்குத்தொண்டைப் புற்றின் தடயம் தெளிவானது. நமக்குள் அப்படிப் பிரித்தால் எண்ணிக்கை மிகச் சிறிதாகிவிடும் என்பது நடைமுறைச் சிக்கல். ஆனாலும் அந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டியது.

இந்தியர்களின் பெருங்குடல் புற்று விகிதம் சீனர்களைவிடக் குறைவு. சரி, அதனால் பரிசோதனை தேவையில்லை என்று முடிவுகட்டுபவர்கள் இருக்கிறார்கள். விகிதம் குழுவைப் பற்றியது. மலத்தில் ரத்தம் இருக்கிறதா என்பது அந்த ஒருவரைப் பற்றியது. குழுவின் விகிதம் குறைவு என்பதற்காக ஒருவருடைய கட்டி மெதுவாக வளராது.

இன்னும் விடை தெரியாத இடம்

புகைபிடித்தலுக்கு எதிரான சட்டங்கள் இங்கே 1970-லேயே தொடங்கிவிட்டன. 2021 முதல் 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரெட் விற்கக்கூடாது. புகைப்பவர்கள் குறைந்தார்கள், ஆண்களின் நுரையீரல் புற்று விகிதமும் இறங்கியது. ஆனால் வாழ்நாளில் ஒரு சிகரெட்டைக்கூடத் தொடாதவர்களுக்கு, முக்கியமாக ஆசியப் பெண்களுக்கு, வரும் நுரையீரல் புற்று இப்போது மருத்துவர்களை யோசிக்க வைக்கிறது. இவர்களில் பலரின் கட்டிகளில் இஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் காணப்படுகிறது. அதற்கேற்ற மாத்திரைகள் வந்துவிட்டன, நோயோடு வாழும் காலம் நீண்டிருக்கிறது. அந்த மாற்றம் ஏன் வருகிறது? அடுத்தவர் விடும் புகையா, சமையல் புகையா, காற்று மாசா, பரம்பரையா?

இதற்கும் அதே பழைய வழியில்தான் தேட வேண்டியிருக்கிறது. 1993 முதல் 1998 வரை 63,257 சிங்கப்பூர்ச் சீனர்களிடம் உணவும் பழக்கமும் கேட்டுப் பதிவுசெய்த பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. அவர்களில் யாருக்கு எப்போது புற்றுநோய் வந்தது என்பதைப் புற்றுநோய்ப் பதிவகத்தோடு இணைத்துப் பார்த்துத்தான் இன்றும் முடிவுகள் எடுக்கிறார்கள். அதில் இந்தியர்கள் இல்லை. நம்மிடம் ஆய்வாளர்கள் இரத்தமாதிரியும் பழக்க விவரமும் கேட்டு வரும்போது, தேசியப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது என்று பிள்ளைகள் சொல்லும்போது, அதைப் படித்துப் புரிந்துகொண்டு சேருவதா வேண்டாமா என்று முடிவெடுங்கள். பிரிக்காமல் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.